பின் சீட்டு முதலாளி

போன வாரம் நண்பர் ஒருவர் புதுக் கார் வாங்கினார். சாவி என்று ஒன்றைத் திருகவே வேண்டாம். பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிறது. ரிவர்ஸ் எடுத்தால் திரையில் படம் காட்டுகிறது. பெல்ட் போட மறந்தால் கூவுகிறது. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் முறையிடுகிறது.

"என் கார் என்னோட பேசும் சார்!" என்றார் பெருமையாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முதல் காரும் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல். அது பேசியது என் அப்பாவுக்கு மட்டும்தான் புரிந்தது!

1997 மாடல் மாருதி 800. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அதை வாங்கிய 2012-ல் பழுத்த பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. அப்போது எனக்குத் திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்? சம்பளம் 11,000 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயைத் தாண்டிவிட்டிருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், காமர்ஸ் படிக்காதவன்கூட கார் வாங்க மாட்டான்.

நான் வாங்கினேன்.

புரோக்கர் 55,000 சொன்னார். "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வச்சிருந்த வண்டி. ஆஸ்பத்திரி, வீடு, அவ்ளோதான் ஓடியிருக்கு" என்றார். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... மொத்தம் நாலு பேர்!

"என்னங்க, நாலு ஓனர் இருக்கே?"

அவர் அசரவில்லை. "நாலு பேருமே டாக்டர் சார்!"

இவ்வளவு சமயோசிதம் உள்ள மனிதரிடம் என்ன பேரம் பேசுவது? ஆனாலும் பேசினேன். கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். 97-ல் பதிவான வண்டிக்கு அந்த வருஷமே ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு என் தலையில் என்று சொல்லிச் சொல்லியே 48,000-க்கு முடித்தேன்.

பணத்துக்கு வழி? 50,000 ரூபாய் ஏலச் சீட்டு ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். 8,000 தள்ளி எடுத்ததில் 42,000 கைக்கு வந்தது. பாக்கி 6,000? அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. அம்மாக்களின் பேங்க்குக்கு அசல் உண்டு, வட்டி கிடையாது. "அப்பாகிட்ட சொல்லிடாதடா" என்ற ஒரே நிபந்தனைதான்.

* * *

அப்பாவிடம் சொல்ல எனக்கும் பயம்தான். காரணம், அப்பா ஒரு டிரைவர். 26 வருஷம் ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் வெள்ளை அம்பாசடர் ஓட்டியவர். டாக்டர் வீட்டில் மாத்திரை விற்கப் போகிற மாதிரி, நான் அவரிடம் போய் "கார் வாங்கியிருக்கேன்" என்று சொல்ல வேண்டும்!

வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது புரோக்கரின் பையன். எனக்கு ஓட்டத் தெரியாது. (ஆமாம், கார் வாங்கிய பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகுதானே எல்லோரும் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்கிறோம்?)

அப்பா வெளியே வந்தார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பானெட்டை ஒரு விரலால் தட்டினார். "டங்" என்றது.

"தகரம்" என்றார்.

"அப்பா... மைலேஜ் நல்லா குடுக்கும்ப்பா."

"நமக்கு எதுக்குடா காரு?"

உள்ளே இருந்து அம்மா குரல்: "ஏங்க, புள்ள ஆசையா வாங்கியிருக்கான். பேசாம இருங்க."

அப்பா பேசாமல் இருந்தார். ஆனால் போகவில்லை. "ஸ்டார்ட் பண்ணு" என்று புரோக்கர் பையனிடம் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கச்சேரியில் தம்பூராவுக்குக் காது கொடுப்பவரைப் போல அரை நிமிஷம்.

"மூணு சிலிண்டர்ல ஒண்ணு ஒழுங்கா வேலை செய்யல. பிளக்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். போய் ஒரு உப்புத்தாள் வாங்கிட்டு வா."

அவ்வளவுதான். கார் வீட்டுக்குள் வந்துவிட்டது!

* * *

நம் ஊரில் கோடீஸ்வரர்கள் தவிர மற்றவர்களும் கார் வாங்கலாம் என்று நம்ப வைத்த வண்டி அது. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800-ன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம். 796 சி.சி. இஞ்சின், மூன்று சிலிண்டர், நாலு கியர். அதற்கு முன்னால் சொந்தக் கார் என்றால் அம்பாசடர், ஃபியட் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாருதி 800 வந்த பிறகு நாடு முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் ஓடியது.

அந்த ஹர்பால் சிங் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. 2010-ல் தாம் இறக்கும் வரை அந்தக் காரை அவர் விற்கவே இல்லை! அந்த மனுஷருக்கு இருந்த வைராக்கியம் எனக்கு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. என் மாருதி 800-ம், அப்பாவின் அம்பாசடரும் கம்பெனியில் தயாராவது நின்றது ஒரே வருஷத்தில். 2014. ஜனவரியில் இது, மே மாதம் அது. பேப்பரில் படித்துவிட்டு அப்பா சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ரிடையர்மெண்ட் குடுத்துட்டான்."

* * *

காலை ஐந்தரை மணி. பொன்மலை ஜி கார்னர் மைதானம். நான் ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்தில். இதுதான் எங்கள் டிரைவிங் ஸ்கூல். ஃபீஸ் கிடையாது. திட்டு உண்டு.

"சோக்கை இழு."

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். காலைக் குளிரில் இஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் எழுந்திருக்கும். அதற்குத்தான் சோக். எழுந்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும். முதல் வாரம் முழுக்க நான் தள்ள மறந்தேன். பின்னால் கறுப்புப் புகை. "பெட்ரோலை ஏண்டா தண்ணியா ஊத்துற? முதலாளி பார்த்தா என்ன சொல்லுவாரு?"

"எந்த முதலாளிப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை.

அவருடைய பாடத்திட்டத்தில் ஒரே ஒரு பரீட்சைதான். "பின்னாடி முதலாளி தூங்குறாருன்னு நெனச்சுக்க. கியர் மாத்துறப்ப அவர் கண்ணு முழிச்சிட்டா நீ ஃபெயில். பிரேக் போடுறப்ப அவர் தலை ஆடிச்சுன்னா நீ ஃபெயில். ஆர்.டி.ஓ. குடுக்குறது லைசென்ஸ் இல்லடா. முதலாளி தூங்குறாரே, அதுதான் லைசென்ஸ்."

கோட்டை ஸ்டேஷன் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வார். பின்னால் பஸ் உறுமும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி, கிளட்சைப் பாதி விட்டு, இஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். முன்னே போகாவிட்டாலும் பரவாயில்லை, பின்னே ஓர் அங்குலம் போகக் கூடாது. மூன்று மாதத்தில் அந்த ஏற்றம் எனக்குப் படிந்தது. ஆனால் முதலாளி தூங்கினாரா என்பது தெரியவில்லை. பின் சீட்டில் அம்மாதான் உட்கார்ந்திருப்பார். அம்மாவோ எந்த வண்டியிலும் தூங்க மாட்டார். "மெதுவா... மெதுவா... மாடு வருது பாரு!" என்று எனக்கு மூன்றாவது ஹார்ன் மாதிரி இயங்குவார்.

ஒன்றைக் கவனித்தேன். எங்கே போய் நின்றாலும் அப்பா முதலில் இறங்குவார். இறங்கியவர், நேராகப் பின் கதவுக்குப் போய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். 26 வருஷப் பழக்கம். அம்மாவுக்கு வெட்கமாகிவிடும்.

"என்னங்க இது... நான் என்ன முதலாளியம்மாவா?"

அப்பா சட்டென்று கையை எடுத்துக்கொள்வார். அடுத்த தடவை மறுபடியும் திறப்பார்.

"நீங்க ஒரு நாள் பின்னாடி உக்காந்து வாங்கப்பா" என்றேன்.

"பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்."

* * *

வாங்கிய நாள் முதல் ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். பெட்ரோல், ஆயில், பிளக், பஞ்சர், 'இதர செலவுகள்'. இந்தக் கடைசித் தலைப்புதான் எல்லாவற்றையும் விடப் பெரியது என்று காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வருஷக் கடைசியில் தேய்மானமும் போடுவேன். வருமான வரிக் கணக்குப்படி காருக்கு 15 சதவீதம். 48,000-ல் முதல் வருஷம் 7,200 போக 40,800. அடுத்த வருஷம் அந்த 40,800-ல் 15 சதவீதம். இப்படியே குறைந்துகொண்டு போகும். ஆனால் பூஜ்யம் ஆகாது. கணக்குப் புத்தகத்தில் எந்தப் பொருளும் முழுசாகச் சாவதில்லை!

வரவுப் பக்கம் மட்டும் காலி. ஆனால் கார் சும்மா நிற்கவில்லை. எங்கள் தெருவில் அது ஒன்றுதான் கார். நிச்சயதார்த்தம், பெண் பார்க்கப் போவது, காலேஜ் ஹாஸ்டலில் பெட்டியைக் கொண்டுபோய் விடுவது... எல்லாவற்றுக்கும் "தம்பி, வண்டி இருக்கா?" தான்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. பேட்டரி டவுன். தெருவே லுங்கியோடு வந்து தள்ளியது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த இருபதாவது நிமிஷம் பையன் பிறந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு 'கார் மாமா' என்று பெயர். இதை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், விட்டுவிட்டேன்.

ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. கேபிளுக்கு வயசாகிவிட்டதாக மெக்கானிக் அண்ணன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். 'அடுத்த மாசம் மாத்தலாம்' என்று தள்ளிப் போட்ட மகா புத்திசாலி நான்தான். பின்னால் வரிசையாக ஹார்ன். எனக்கு வியர்த்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று கதவைத் திறந்தேன்.

"உக்காரு" என்றார் அப்பா. "ஆஃப் பண்ணு. முதல் கியர் போடு. இப்ப சாவியைத் திருகு."

"கியர்ல இருக்குறப்பவா?"

"திருகுடா!"

திருகினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே ஸ்டார்ட் ஆகி நகர்ந்தது. "கொஞ்சம் வேகம் எடு... ஆக்சிலேட்டரை விடு... இப்ப ரெண்டாவது. அமுக்காத. சும்மா தள்ளு, அதுவா விழும்." விழுந்தது! கிளட்சே இல்லாமல் வீடு வரை வந்து சேர்ந்தோம். நடுவில் நிறுத்த வேண்டி வந்த இரண்டு இடத்திலும் அதே வைத்தியம்.

அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஜெயித்துவிட்டு வந்த பையன் முகம்.

அன்று ராத்திரிதான் அம்மா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். அப்பா வேலையை விட்டு நின்றது 2009-ல். 'வயசாயிடுச்சு, போதும்னு நின்னுட்டேன்' என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். உண்மை அது இல்லை. ஒரு நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரம், ஆலை கேட் தூணில் அம்பாசடரை லேசாக உரசிவிட்டார். கண்ணில் புரை. அவருக்கே தெரியும், வெளியே சொல்லவில்லை. முதலாளி திட்டவில்லை. மறுநாள் காலை அப்பா போனபோது ஒரு புது டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

26 வருஷம் தினமும் அந்தப் பின் சீட்டைத் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

* * *

அந்தப் புரையோடு இன்னும் ஆறு வருஷம் ஓட்டினார். "ஆபரேஷன் எதுக்கு? நான் என்ன வண்டியா ஓட்டப் போறேன்?" என்பார். 2015-ல் தெருவில் எதிரே வந்த என்னையே "யாரு தம்பி?" என்று கேட்ட பிறகு, அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்து சம்மதிக்க வைத்தார். மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தோம்.

போகும்போது அப்பா முன் சீட்டில்தான். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி என்று வழியெல்லாம் "லாரிக்காரன் இண்டிகேட்டர் போட்டுட்டான், அவனுக்கு வழி விடு" என்று கண் தெரியாமலேயே வழி சொல்லிக்கொண்டு வந்தார். சத்தத்தை வைத்தே!

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். தூசி, எதிர் வெயில் கூடாது என்றார்கள் நர்ஸம்மா.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல முன் கதவுக்குப் போனார். நான் முந்திக்கொண்டு பின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"எதிர் வெயில் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா. பின்னாடி உக்காருங்க."

நின்றார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடியதோ தெரியாது.

"தலை சுத்துமேடா..."

"சுத்தினா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

உட்கார்ந்தார். இடது பக்க ஓரம். முதலாளி சீட். அம்மா அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்தினேன்.

மேலூர் வரை பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "பரவாயில்லடா. பின்னாடி இருந்து பார்த்தா ரோடே வேற மாதிரி இருக்கு. மரமெல்லாம் தெரியுது." 26 வருஷம் ரோட்டை மட்டுமே பார்த்த மனுஷர்! அப்புறம் குரல் நின்றுவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அம்மா வாயில் விரலை வைத்து 'உஷ்' என்று ஜாடை காட்டினார்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியது வண்டி இல்லை. 60-க்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு கியரையும் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல மாற்றினேன். வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினேன். டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை. இஞ்சினை அணைத்தால் முழித்துக்கொள்வாரோ என்று பயம். விராலிமலை தாண்டியும் தூக்கம். திருச்சிக்குள் நுழைந்த பிறகும் தூக்கம்.

வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். அப்பா விழித்தார்.

"வந்துருச்சா?... தூங்கிட்டேனாடா?"

"மேலூர்லேர்ந்துப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"ம்... பாஸ்" என்றார்.

* * *

2016-ல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. காரை அங்கே கொண்டுபோக வழியில்லை. அடுத்த வருஷம் பதிவையும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். விற்றுவிடுவது என்று முடிவானது. துறையூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன். முகத்தில் 2012-ல் என் முகத்தில் இருந்த அதே களை. அதாவது, ஏமாறத் தயாரான களை! "எத்தனை ஓனர் அண்ணே?" என்று கேட்டான். "என்னோட சேர்த்து அஞ்சு. ஒருத்தர்கூட டாக்டர் இல்லை" என்றேன்.

அன்று காலை ஐந்து மணிக்கே அப்பா எழுந்து வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். பின் சீட்டையும். "தம்பி, காலைல சோக்கை இழு. ஆனா உடனே உள்ள தள்ளிடணும். வெயில்ல திணறினா பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடு, சரியாயிடும்" என்று அந்தப் பையனுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினார்.

வண்டி தெருமுனை திரும்பியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இன்னும் ரெண்டாவதுலயே இழுக்கிறான்... மூணு போடணும்... ம், போட்டுட்டான்." பிறகுதான் வீட்டுக்குள் போனார்.

பையன் கொடுத்தது 25,000 ரூபாய். அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். நாலு வருஷத் தேய்மானம் போக வண்டியின் மதிப்பு 25,056 ரூபாய் 30 காசு. ஆக, விற்பனையில் நஷ்டம் 56 ரூபாய் 30 காசு. கணக்கை முடித்து, அடியில் இரட்டைக் கோடு போட்டேன். மதுரையிலிருந்து திருச்சி வரை ஒருவர் தூங்கியதற்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. இரண்டு கோட்டுக்கும் கீழே சின்னதாக எழுதினேன்: 'மேலூர் முதல் வீடு வரை – வரவு'. தொகை போடவில்லை.

இப்போது வேறு கார். மாதாமாதம் தவணை. அப்பா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஏறுவார். எங்கே உட்காருகிறார் என்கிறீர்களா? முன் சீட்டில்தான்.

பின்னாடி உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம்!